நீர்க்கிழங்கின் தோலும் சுரங்கத்தின் கடனும்

சுரங்கமொன்று மூடப்பட்டதும் அதன் வரலாறும் மூடப்பட்டுவிடுகின்றது என்னும் எண்ணம் முதலாளிமாரின் கணக்கேடுகளில் மாத்திரமன்றி விஞ்ஞானிகளின் ஆய்வேடுகளிலும் குடிகொண்டிருக்கின்றது. 'பழைய சுரங்கப் பிரதேசம்' என்னும் தொடரையே எடுத்துக்கொள்ளலாம். அங்கே பழையது எது? தோண்டிய தொழிலாளி பழையவன். அவன் பெற்ற கூலி பழையது. பங்குதாரர் பகிர்ந்துகொண்ட இலாபமும் பழையது. ஆனால் ஆற்றிற் கொட்டப்பட்ட ஈயம் பழையதன்று. சேதன நஞ்சுகள் பல காலப்போக்கிற் சிதைந்தழியும். ஈயமும் கட்மியமும் நாகமுமோ மூலகங்கள். அவை இடம் மாறும், சேர்க்கை மாறும், அழியமாட்டா. நூறாண்டுக்கு முன் ஆற்றோடு விடப்பட்ட ஈயம் இன்று சதுப்பு நிலத்துக் கிழங்கொன்றின் வேரடியிற் கிடக்குமாயின், அக்கிழங்கைப் பொறுத்தவரை அச்சுரங்கம் இன்னும் இயங்கிக்கொண்டேயிருக்கின்றது.

நன்னீர்த் தாவரங்களிற் சேரும் பார உலோகங்களைப் பற்றிய ஆய்வுகள் கடந்த அரை நூற்றாண்டிற் பெருகியுள்ளன. வேரில் இவ்வளவு, தண்டில் இவ்வளவு, இலையில் இவ்வளவு என்று அட்டவணையிட்ட பின்னர், அவற்றுட் பல இரண்டு முடிவுரைகளுள் ஒன்றைக் கூறி அமைகின்றன. ஒன்று, இத்தாவரங்கள் உலோகத்தை உறிஞ்சுவதால் அவற்றைக் கொண்டே நீரையும் நிலத்தையும் தூய்மையாக்கலாம் என்பது. மற்றது, இவற்றை உண்போர் அவதானமாக இருத்தல் வேண்டும் என்பது. இரண்டும் கேட்பதற்கு இனியவை. இரண்டும் ஒரே காரியத்தையே செய்கின்றன. கொட்டியவனுடைய கடனை முதலாவது கூற்றுச் சேற்றிலே நிற்கும் செடியின் தலையில் ஏற்றுகின்றது. இரண்டாவது கூற்று அச்செடியை உண்பவனின் தலையில் ஏற்றுகின்றது.

ஐக்கிய அமெரிக்காவின் ஐடாகோ மாநிலத்து வடபகுதியில் 'வெள்ளிப் பள்ளத்தாக்கு' என வழங்கும் நிலப்பரப்பு இதனைத் தெளிவுறக் காட்டும். 1880களில் அங்கு தொடங்கிய அகழ்வு ஒரு நூற்றாண்டு காலம் பெருந்தொழிலாக நடைபெற்றது. தாதுவை அரைத்து வெள்ளியையும் ஈயத்தையும் நாகத்தையும் பிரித்தெடுத்த பின் எஞ்சிய கழிமண்ணைக் கோர் டலேன் ஆற்றின் கிளைகளில் விட்டுவிடுவதே வழக்கமாயிருந்தது. 1968 ஆம் ஆண்டிலேயே அவ்வழக்கம் நிறுத்தப்பட்டது. அதுவரையில் ஏறத்தாழ 620 இலட்சம் தொன் கழிமண் நீரோடைகளிற் சேர்ந்ததென்றும், அதனுள் 880,000 தொன் ஈயமும் 720,000 தொன்னுக்கு மேற்பட்ட நாகமும் அடங்கியிருந்தனவென்றும் மதிப்பிடப்பட்டுள்ளது. தொடக்க காலத்துப் பிரித்தெடுப்பு முறைகள் செம்மையற்றவையாதலாற் கழிவிலே உலோகம் மிகுதியாக எஞ்சியது. பின்னர் வந்த மிதப்பு முறை கூடுதலான உலோகத்தை மீட்டதெனினும், தாதுவை மாவாக அரைத்ததனாற் கழிவு நுண்துகளாகி ஆற்றோடு நெடுந்தூரம் சென்றது. முன்னேற்றம் என்று தொழில்நுட்ப வரலாறு பாராட்டும் ஒன்று கீழ்நிலத்தாருக்கு எவ்வாறு வந்து சேர்ந்தது என்பதற்கு இது ஓர் உதாரணம். அந்நுண்துகள் வெள்ளந்தோறும் ஆற்றோரச் சதுப்புக்களிலும் சிற்றேரிகளிலும் படிந்து, ஈற்றிற் கோர் டலேன் ஏரியின் அடித்தளத்தை அடைந்தது. அங்கு கிடக்கும் மாசடைந்த அடையல் ஏறத்தாழ 750 இலட்சம் தொன் என்பர்.

இச்சதுப்புக்களில் வளரும் செடிகளுள் ஒன்று சஜித்தேரியா. அம்பு முனை போன்ற இலைகளை உடையது. சேற்றின் அடியிலே சிறு கிழங்குகளை விளைவிப்பது. 'நீர் உருளைக்கிழங்கு' என்று அவ்விடத்தில் அது வழங்கும். கோர் டலேன் பழங்குடி மக்கள் தொன்று தொட்டு இலையுதிர் காலத்தில் ஏரிக்கரைச் சேற்றில் இறங்கி அக்கிழங்கைத் தோண்டியெடுத்து உண்டு வந்துள்ளனர். அவர்களுக்கு அது வெறும் உணவன்று. எந்தக் கரையில், எந்த மாதத்தில், எவ்வாறு தோண்டுவது என்பதைப் பேரன் பேர்த்தியர்க்குக் கற்பிக்கும் பள்ளியுமாகும். இன்றும் ஒக்டோபர் மாதத்தில் அதற்கென ஒரு நாளை அவர்கள் கொண்டாடி வருகின்றனர்.

கிழங்கை நாடி வருவோர் மனிதர் மாத்திரமல்லர். இளவேனிலின் தொடக்கத்தில் வடதிசை நோக்கிச் செல்லும் தூந்திர அன்னங்கள் இச்சதுப்புக்களில் இறங்கி, நீண்ட கழுத்தை நீரினுள் அமிழ்த்திச் சேற்றைக் கிளறிக் கிழங்குகளையும் வேர்களையும் உண்கின்றன. நீரைப் பிரித்துப் பாலை மட்டும் பருகும் ஆற்றல் அன்னத்துக்கு உண்டென்று புலவர் பாடினர். சேற்றைப் பிரித்துக் கிழங்கை மட்டும் உண்ணும் ஆற்றல் அதற்கு இல்லை. கிழங்கோடு ஈயச் சேறும் உட்செல்ல, ஈயம் நரம்புகளைத் தாக்குகின்றது; இரைப்பை செயலிழக்கின்றது; உண்ட உணவு கீழே இறங்காது தேங்குகின்றது. வயிறு நிறைந்திருக்கப் பறவை பட்டினியால் மெலிந்து சாகின்றது. இவ்வாறான சாவுகள் 1920களிலிருந்தே பதிவாகியுள்ளன. வேட்டைக்காரரின் ஈயக் குண்டுகளே காரணமாகலாம் என்ற ஐயமும் ஆராயப்பட்டது. ஆனால் இறந்த அன்னங்களுட் பெரும்பாலானவற்றின் வயிற்றிற் குண்டு இல்லை, சேறே இருந்தது. அடையலின் ஒரு கிலோகிராமில் 530 மில்லிகிராம் ஈயம் இருப்பின் நீர்ப்பறவைகளுக்குத் தீங்கு தொடங்கும் என்று பின்னைய ஆய்வுகள் கணித்தன. ஆற்றின் கீழ்ப்பகுதிச் சதுப்புக்களிற் பெரும்பாலானவை அவ்வெல்லையைக் கடந்து நிற்பவை.

இங்கேதான் ஆய்வுகூடத்து ஒழுங்கொன்றைச் சற்று உற்று நோக்குதல் வேண்டும். ஆய்வுக்கென எடுத்துவரப்படும் செடி முதலிற் கழுவப்படுகின்றது. குழாய் நீரிற் கழுவிய பின் வடித்த நீரில் மீண்டும் மீண்டும் அலசப்படுகின்றது. சிலர் உலோகத்தைப் பற்றியிழுக்கும் இரசாயனக் கரைசலிலும் தோய்ப்பர். வேரின் மேற்புறத்தில் ஒட்டியிருப்பதை நீக்கி, இழையத்தினுள் உண்மையாகப் புகுந்ததை மட்டும் அளப்பதே நோக்கம். தாவர உடற்றொழிலியலுக்கு அது முறையான நோக்கம்தான். ஆயின் அதே எண்ணை எடுத்து 'இக்கிழங்கை உண்பதால் ஆபத்தில்லை' என்று எழுதும்போது, அளந்தது ஒன்றும் உரைத்தது வேறொன்றும் ஆகிவிடுகின்றது. அன்னம் வடித்த நீரிற் கழுவி உண்பதில்லை. ஏரிக்கரையில் நெருப்பு மூட்டிக் கிழங்கைச் சுடும் குடும்பமும் அவ்வாறு செய்வதில்லை.

கழுவிநீக்கப்படும் அந்தப் பகுதி அற்பமானதுமன்று. சதுப்புச் சேற்றில் ஒட்சிசன் இல்லை. அங்கு வாழ வேண்டிய செடி இலைவழியாகப் பெற்ற காற்றைத் தண்டின் உட்குழிகளூடாக வேருக்கு அனுப்புகின்றது. வேரிலிருந்து கசியும் ஒட்சிசன் சேற்றிலுள்ள இரும்பைத் துருவாக்க, வேரைச் சுற்றிச் செம்பழுப்பு நிறமான இரும்பொட்சைட்டுப் படலம் ஒன்று உண்டாகின்றது. ஈயத்தையும் ஆசனிக்கையும் ஈர்த்து வைத்திருப்பது இப்படலமே. செடி தன் மூச்சுக்காகச் செய்யும் ஏற்பாடு நஞ்சைத் தன் மேனியிற் பூசிக்கொள்ளும் ஏற்பாடாகவும் ஆகிவிடுகின்றது. ஈயம் பெரும்பாலும் வேரிலும் தோலிலும் தங்கிவிடும். கட்மியமோ செடியின் உட்பகுதிகளுக்கு எளிதாக ஏறும். ஆகவே தோலோடு அளப்பதா, தோலுரித்து அளப்பதா, ஈரநிறையிற் கூறுவதா, உலர்நிறையிற் கூறுவதா என்பனவெல்லாம் முடிவையே மாற்றவல்ல தெரிவுகள். இத்தெரிவுகளை நுட்ப விவரம் என்று சிறு எழுத்தில் ஒதுக்கும் ஆய்வு யாருடைய சமையலறையை மனத்திற் கொண்டு எழுதப்பட்டது என்ற வினா எழுவதில் வியப்பில்லை.

'தோலை நீக்கி நன்கு கழுவி உண்க' என்னும் புத்திமதி இவ்வாறுதான் பிறக்கின்றது. அதனைப் பின்பற்றுவோர்க்கு நன்மை உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. சேறு அகற்றப்படும் வரையில் ஒரு பிள்ளையின் இரத்தத்திற் சேரும் ஈயத்தை ஒரு துளியேனும் குறைக்கும் அறிவுரையை எவரும் இகழார். ஆனால் அறிவுரை ஓர் இடைக்கால ஏற்பாடு என்பதை மறந்து, அதுவே தீர்வு என்று கோப்பை மூடிவிடும் மனப்பான்மை கண்டிக்கத்தக்கது. புத்திமதி கூறுவதற்குச் செலவில்லை. சேற்றை அகற்றுவதற்குச் செலவுண்டு. எது தெரிவுசெய்யப்படும் என்பதற்குச் சோதிடம் தேவையில்லை. அன்றியும், புத்திமதியின் இறுதி வடிவம் 'உண்ணாதீர்' என்பதே. உண்ணாதுவிட்ட தலைமுறை தோண்டும் முறையை மறக்கும். மறந்தபின், அங்கு அக்கிழங்கை எவரும் உண்பதில்லையாதலால் ஆபத்தும் இல்லை என்று அடுத்த அறிக்கை எழுதும். நஞ்சினால் நின்றுபோன வழக்கமே நஞ்சில்லை என்பதற்குச் சான்றாக்கப்படும் விந்தையை வேறெங்குக் காணமுடியும்?

அப்பள்ளத்தாக்கிலே மனித உயிரின் விலை எவ்வாறு கணிக்கப்பட்டது என்பதற்கு ஒரு பதிவு உண்டு. 1973 செப்ரெம்பரில் கெலொக் நகரத்துப் பங்கர் ஹில் ஈய உருக்காலையின் புகைவடிகட்டும் பகுதி தீப்பற்றியது. ஈயத்தின் விலை உயர்ந்திருந்த காலம் அது. ஆலை மூடப்படவில்லை; வடிகட்டல் குறைந்த நிலையிலேயே மாதக்கணக்கில் இயக்கப்பட்டது. 1974 இல் ஆலையிலிருந்து ஒரு மைலுக்குள் வாழ்ந்த பிள்ளைகளைச் சோதித்தபோது, 99 வீதமானோரின் இரத்தத்தில் 100 மில்லிலீற்றருக்கு 40 மைக்கிரோகிராமோ அதற்கு மேலோ ஈயம் காணப்பட்டது. இன்று அந்நாட்டுச் சுகாதாரத் துறை கவனத்துக்குரிய அளவாகக் கொள்வது 3.5 மைக்கிரோகிராம். ஐந்நூறு பிள்ளைகளுக்கு நட்டஈடு கொடுக்க நேர்ந்தால் 60 முதல் 70 இலட்சம் டொலர் செலவாகும் என்று நிறுவனத்தார் போட்டு வைத்திருந்த கணக்கும் பின்னர் வழக்கு மூலம் வெளிவந்தது. ஆலை 1981 இல் மூடும் முடிவுக்கு வந்தது. 1983 இல் அப்பகுதி நாட்டின் துப்புரவுப் பட்டியலிற் சேர்க்கப்பட்டது. வீட்டு முற்றங்களின் மண் ஓரடி ஆழத்துக்கு அகழப்பட்டுப் புதுமண் இடப்பட்டது. பிள்ளைகளின் இரத்தத்தில் ஈயம் பெரிதும் குறைந்தது. மண்ணை அகற்றினாற் பயனுண்டு என்பதற்கு இதனிலும் வேறு சான்று வேண்டியதில்லை. முற்றத்துக்கு ஏற்ற நியாயம் சதுப்புக்கு மாத்திரம் ஏன் பொருந்தாது?

இனி, செடிகளே நிலத்தைத் தூய்மையாக்கும் என்னும் கூற்றை நோக்கலாம். கருத்தரங்குகளில் இதற்கு இருக்கும் கவர்ச்சி சொல்லுந்தரமன்று. பச்சை நிறம் அனைவருக்கும் பிடிக்கும். சட்டத்தரணியும் வேண்டாம், வழக்கும் வேண்டாம், நட்டுவிட்டுப் போனாற் போதும். சாதாரண எண்கணிதத்தைக் கொண்டே இதனைச் சோதிக்கலாம். ஒரு ஹெக்டேயர் சதுப்பின் மேற்பரப்பில் 15 சென்ரிமீற்றர் ஆழத்துக்குள் ஏறத்தாழ 2,000 தொன் அடையல் உண்டெனக் கொள்க. அதன் ஒரு கிலோகிராமில் 3,000 மில்லிகிராம் ஈயம் இருப்பின் மொத்த ஈயம் 6,000 கிலோகிராம். அந்நிலத்திலிருந்து ஆண்டுதோறும் 10 தொன் உலர்ந்த தாவரப் பொருளை அறுத்தெடுப்பதாகவும், அதன் ஒரு கிலோகிராமில் 200 மில்லிகிராம் ஈயம் இருப்பதாகவும் தாராளமாகவே கணக்கிட்டாலும், ஆண்டொன்றுக்கு வெளியேறுவது 2 கிலோகிராம். முழுவதையும் அகற்ற 3,000 ஆண்டுகள் வேண்டும். அதுவும் மேல் வெள்ளம் புதிய சேற்றைக் கொணராதிருந்தால். அறுத்தெடுத்த செடியைக் கொண்டுபோய் வைக்க ஓரிடம் இருந்தால். அறுக்காது விட்டாலோ, செடி அழுகி உலோகத்தைச் சேற்றுக்கே திருப்பிக் கொடுக்கும். அதற்கு முன்னர் அன்னம் வந்துவிடும். செடிவழித் துப்புரவு பயன்படும் இடங்களும் உள. கரைந்த நிலையிற் சிறிதளவாக வரும் உலோகத்தை நாணற் படுகைகளில் தேக்கிப் பிடிப்பது அவற்றுள் ஒன்று. நூற்றாண்டுக் கழிவின் முன் அதனைத் தீர்வென நிறுத்துவது, ஏரியை அகப்பையால் இறைக்க முற்படுவதாகும்.

சோறுண்ணும் மக்களுக்கு இன்னும் அண்மையான எடுத்துக்காட்டு யப்பானில் உண்டு. நெல்லும் நன்னீரில் நிற்கும் பயிரே என்பதைத் தாவரவியல் மாணாக்கரே சில வேளைகளில் மறந்துவிடுகின்றனர். கமியோக்கா என்னும் பெயரைக் கேட்டதும் பௌதிக மாணவனுக்கு நியூத்திரினோ ஆய்வும், அதற்காக 2002 இலும் 2015 இலும் கிடைத்த நோபல் பரிசுகளும் நினைவுக்கு வரும். அந்த ஆய்வுகூடம் அமைந்திருப்பது மிற்சுயி நிறுவனத்தின் ஈய, நாகச் சுரங்கத்தினுள்ளே. அச்சுரங்கத்தின் கட்மியம் ஜின்சு ஆற்று வழியாகத் தோயாமாச் சமவெளி வயல்களிற் பாய்ந்தது. சோற்றோடும் நீரோடும் உடலிற் சேர்ந்த கட்மியம் சிறுநீரகத்தைச் சிதைத்தது; எலும்பு மென்மையாகி, இருமினாலும் முறிந்தது. நோயுற்றோர் பெரும்பாலும் பல பிள்ளைகளைப் பெற்ற, நடுத்தர வயதைக் கடந்த பெண்கள். 'நோகிறது, நோகிறது' என்று அவர்கள் அலறிய 'இத்தாய் இத்தாய்' என்னும் சொல்லே நோயின் பெயராயிற்று. ஊர் மருத்துவர் ஹகினோ நொபொரு சுரங்கத்தைக் காரணங்காட்டியது 1957 இல். அரசாங்கம் அதனை ஏற்றது 1968 இல். இடைப்பட்ட பதினொரு ஆண்டுகளும், ஆதாரம் போதாது என்ற வாதத்துக்குக் கொடுக்கப்பட்ட அவகாசம்.

இங்கும் பயிரிடுவோனுக்குப் புத்திமதி உண்டு. வயலில் நீர் நிற்கும்வரை சேற்றிலுள்ள சல்பைட்டுக் கட்மியத்தைக் கட்டி வைத்திருக்கும். அறுவடைக்கு முன் நீரை வடித்து வயலைக் காயவிட்டால் அக்கட்டு அவிழ்ந்து கட்மியம் நெல்மணிக்கு ஏறும். ஆதலாற் கதிர் வரும் பருவத்தில் நீரை வடிக்காதே என்பர். ஆனால் நீரைத் தேக்கி வைத்தால் ஆசனிக்கு விடுபட்டு ஏறும்! இரண்டு நஞ்சுக்கு நடுவே மடை திறந்தும் அடைத்தும் நிற்க வேண்டியவன் விவசாயி, சுரங்கமுதலாளியல்லன்.

தோயாமா மக்கள் புத்திமதியோடு அமையவில்லை. 1968 இல் வழக்குத் தொடுத்து, 1971 இல் மாவட்ட நீதிமன்றத்திலும் 1972 இல் மேல் நீதிமன்றத்திலும் வென்றனர். வென்ற பின் அவர்கள் கேட்டது பணம் மட்டுமன்று. சுரங்க வளவினுள் தாம் விரும்பியபோது விஞ்ஞானிகளுடன் நுழைந்து சோதிக்கும் உரிமையையும், அதற்கான செலவை நிறுவனமே ஏற்கும் கடப்பாட்டையும் எழுத்திற் பெற்றனர். அன்று முதல் ஆண்டுதோறும் அச்சோதனை நடைபெற்று, ஆற்று நீரின் கட்மியம் இயற்கை மட்டத்துக்கு இறங்கியது. மாசுற்ற வயல்களில் 863 ஹெக்டேயரின் மண் மூடப்பட்டும் மாற்றப்பட்டும் 2012 இல் அவ்வேலை நிறைவேறியது. முப்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட வேலை. ஆயினும் 3,000 ஆண்டுகளன்று. 1975 இல் 'அது மாயை நோய்' என்று எழுதிய சஞ்சிகையாரும் இருந்தனர். அவர்களால் வேலை தடைப்பட்டிருக்குமாயின் இன்றும் அவ்வயல்களுக்கு மடை பற்றிய அறிவுரைதான் கிடைத்திருக்கும்.

சதுப்பைச் சீராக்குதல் இயலாத காரியம் என்போர்க்கு ஐடாகோவிலேயே மறுமொழி உண்டு. நிறுவனங்கள் தாமாகக் கொடுத்த பணத்தில் அங்கு எதுவும் நடைபெறவில்லை. பழங்குடியினர் 1991 இல் வழக்குத் தொடுத்தனர். கூட்டாட்சி அரசு 1996 இல் தொடுத்தது. 2011 இல் ஹெக்லா நிறுவனம் 2,634 இலட்சம் டொலர் செலுத்த இணங்கியது. ஏறத்தாழ 400 ஏக்கர் விளைநிலம் அன்னங்கள் அஞ்சாது மேயத்தக்க சதுப்பாக மாற்றப்பட்டது. அன்னங்களும் அங்கு வந்து இறங்கின. நஞ்சுற்ற பரப்போடு ஒப்பிட இது சிறிதே. ஆயினும் செடிக்கும் உண்பவனுக்கும் கடனை மாற்றாது, கொட்டியவனிடமிருந்து அறவிட்டதனால் ஆகியது என்பதே இதன் சிறப்பு.

ஏரியின் நிலை வேறு. அடித்தள நீரில் ஒட்சிசன் உள்ளவரை இரும்பொட்சைட்டுகள் உலோகங்களைப் பற்றி வைத்திருக்கும். வயல்களிலிருந்தும் வீடுகளிலிருந்தும் பொசுபரசு மிகுதியாக வந்து சேர்ந்தால் அல்காக்கள் பெருகும். அவை மடிந்து அடியில் அழுகும்போது ஒட்சிசன் தீரும். இரும்பின் பிடி தளரும். கட்டுண்டு கிடந்தவை நீருக்கு மீளும். 2009 இல் மாநில அரசும் பழங்குடியினரும் சேர்ந்து வகுத்த ஏரி முகாமைத் திட்டத்தின் அடிப்படை இவ்வச்சமே. கரைந்துள்ள நாகம் அல்காக்களுக்கு நஞ்சாதலால், இதுவரை அவற்றின் பெருக்கத்தை ஓரளவு தடுத்து வந்ததும் அம்மாசுதான் என்பது ஓர் அவலமான வேடிக்கை.

அவ்வேரியின் தென்புற மூன்றிலொரு பங்கின் அடித்தளம் கோர் டலேன் பழங்குடியினரின் நலனுக்கென உரித்தானது என்று 2001 ஆம் ஆண்டிலே அமெரிக்க உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அடித்தளத்தோடு அதன்மேற் படிந்திருந்த அடையலும் அவர்களைச் சேர்ந்தது. அதற்கு அடுத்த ஆண்டு, 2002 இல், ஆற்றுப் படுகைக்கான கூட்டாட்சித் துப்புரவுத் தீர்மானம் வெளியாயிற்று. ஏரி அதில் உள்ளடக்கப்படவில்லை.